ஊரை மாற்றிப் படித்தோம்: செட்டிநாட்டுக் குற்றக் கதைத் தொகுப்பு ஒன்று உருவான விதம்

காரைக்குடியை மையமாகக் கொண்டு இயங்கும் எங்கள் எழுத்தாளர் குழு, செட்டிநாட்டைக் களமாகக் கொண்ட குற்றக் கதைகளைத் தொகுத்து வெளியிடுவதென்று முடிவு செய்தபோது, கையில் இருந்தவை ஒரு தற்காலிகத் தலைப்பும், இருநூறு பக்கத்தை ஒட்டிய அளவும், ஆளுக்கொரு கதையாவது தருவோம் என்ற உறுப்பினர்களின் ஒப்புதலும்தான். தொகுப்பாசிரியர் பொறுப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டு கதைகளுடன் அத்தொகுப்பு அச்சுக்குப் போனது வரையிலான நடைமுறையை, எங்கே தேங்கியது, எதனால் நகர்ந்தது என்ற விவரங்களோடு இங்கே பதிவு செய்கிறேன். தங்கள் ஊரைக் களமாக வைத்து இப்படியொரு தொகுப்பைத் திட்டமிடும் குழுக்களுக்கு இது பயன்படக்கூடும்.

குழுவின் சேர்க்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் கதைகளின் தரத்தை முடிவு செய்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள், பள்ளி ஆசிரியைகள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், தேவகோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா ஒருவர், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துபவர் ஆகியோர் இதில் இருந்தனர். இவர்களில் துப்பறியும் கதையை முன்பு எழுதியவர்கள் சிலர்தான். படிக்காதவர் ஒருவரும் இல்லை. துப்பறிவாளர் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தேவகோட்டையில் பிறந்தவர் என்பது இப்பகுதியில் துப்பறியும் கதை வாசிக்கும் எவருக்கும் தெரியும். ஆயினும் சங்கர்லால் சென்னையில் இருந்துகொண்டு உலகம் சுற்றியவர். எங்கள் குழு விரும்பியது, அப்படிப்பட்ட ஒருவர் காரைக்குடி பேருந்து நிலையத்தில் இறங்கி, கானாடுகாத்தானுக்கு வழி கேட்டுப் போகும் வகைக் கதைகளை.

வந்து சேர்ந்த முதல் வரைவுகளைப் படித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை ஒரே கதையாக இருந்தன. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, அதில் தனியாக வாழும் வயதான ஆச்சி, இரும்புப் பெட்டி, அதிலிருந்து காணாமற்போன வைரத் தோடு, சந்தேகத்துக்கு உள்ளாகும் சமையற்காரர், இவற்றுக்கு நடுவே பர்மாத் தேக்குத் தூண்களையும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புச் சுவரின் பளபளப்பையும் வருணிக்கும் இரண்டு பக்கங்கள். எழுத்து நன்றாகவே இருந்தது என்பதால் அவற்றைத் திருப்பி அனுப்புவது எளிதாக இல்லை. சுற்றுலா வருபவரின் கண் எங்கே நிற்குமோ அங்கேயே உள்ளூரில் பிறந்த எழுத்தாளரின் கண்ணும் நின்றுவிட்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

ஊரை மாற்றிப் படித்தல்

ஆய்வு மாணவி சொன்ன ஒரு யோசனை எங்கள் தேர்வு முறையாக மாறியது. ஒவ்வொரு வரைவையும் இருவர் படிக்க வேண்டும். அதில் ஒருவருக்குத் தரும் படியில் காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் என்று வரும் இடங்களிலெல்லாம் கும்பகோணம், திருவையாறு என்று மாற்றித் தட்டச்சு செய்திருக்கும். மாற்றிய படியைப் படிப்பவர், குற்றம் நடந்த விதத்திலோ அது வெளிப்பட்ட விதத்திலோ ஏதாவது இடறுகிறதா என்று மட்டும் குறித்துத் தர வேண்டும். இடறாமல் ஓடினால் கதை எழுத்தாளரிடம் திரும்பிப் போகும். வருணனை இடறுவது கணக்கில் வராது. காரணம், கருவி, சான்று, வெளிப்படும் வேளை ஆகியவற்றில் ஒன்றாவது இந்த மண்ணை விட்டு நகர மறுக்க வேண்டும். இந்த நிபந்தனையை நான் மிகவும் கடுமையாகப் பிடித்துக்கொண்டேன் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அதைத் தளர்த்தியிருந்தால் வெளிவந்திருப்பது, செட்டிநாட்டு அட்டைப்படம் போட்ட பொதுக் கதைத் தொகுப்பு என்பதே என் மதிப்பீடு.

இம்முறை என்ன செய்தது என்பதற்கு ஓர் ஆசிரியை எழுதிய கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வரைவில், வீட்டின் முன்கூடமான பட்டாலையில் விழுந்து இறந்த பெரியவரின் இரத்தம் தரையில் துடைக்கப்பட்டிருந்தது. காவல் ஆய்வாளர் ஆத்தங்குடிக் கல்லின் (டைல்ஸின்) இடுக்கில் கறையைக் கண்டுபிடித்தார். மாற்றிய படியில் ஆத்தங்குடிக் கல் மொசைக் தரையானது. ஆய்வாளர் அங்கும் அதே கறையைக் கண்டுபிடித்தார். கதை திரும்பியது. அடுத்த கூட்டத்தில் பட்டறைக்காரர், அக்கல்லைச் செய்யும் முறையை நிதானமாக விளக்கினார். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உள்ளூர் மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையை நிரப்பி அமுக்குகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு, பிறகு நிழலில் உலர்த்தி, கண்ணாடியைப் பிரிக்கிறார்கள். மேற்பரப்பின் வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஆனால் பழைய வீட்டுத் தரையின் ஆழ்ந்த மினுமினுப்பு பல ஆண்டுகள் மிதிபட்டும் துடைபட்டும் ஏறுவது. ஆகவே பழைய தரையில் நான்கு கல்லை மாற்றினால் பட்டறை வேலை தெரிந்தவருக்கு வாசலில் நின்றே தெரியும். அது மட்டுமன்று, எண்பது வருடத்துக்கு முந்தைய பூவடிவத்துக்கு இன்று அச்சு இருக்காது, புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டும், கல் ஊறி உலரவும் நாள் வேண்டும்.

இந்தக் கடைசிச் செய்தியில் ஆசிரியைக்குக் கதை கிடைத்தது. திருத்திய வடிவில் இரத்தக் கறை படிந்த கற்கள் மறுநாளே மாற்றப்பட்டிருக்கின்றன. மாற்றிய கற்கள் அதே பூவடிவம். அப்படியானால் கல்லுக்கு முன்பணம் கொடுத்தது சாவுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். விபத்து என்று முடிக்கப்பட்ட சாவு, பட்டறையின் அச்சாரக் குறிப்பேட்டில் இருக்கும் தேதியால் திட்டமிட்ட கொலையாகிறது. துப்பறிபவர் ஆய்வாளர் அல்லர். தரையைப் பார்த்து முகம் சுளித்த பட்டறைத் தொழிலாளி. தொகுப்பின் முதல் கதையாக இதையே வைத்தோம்.

இந்த ஊருக்கே உரிய குற்றங்கள்

நிபந்தனை பழகிய பிறகு கதைகள் வேறு திசைகளிலிருந்து வரத் தொடங்கின. பெரிய வீட்டைப் பற்றி எழுதினாலும் அதன் அழகை விட்டுவிட்டு, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் மணமான ஒவ்வொரு மகனின் புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) ஓர் அறை, அதற்கொரு பூட்டு. முகப்பும் பட்டாலையும் பொது. மூன்று தலைமுறை கழிந்தால் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராகி, ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் ஒருவர் அமெரிக்காவிலும் இருப்பார்கள். வீட்டில் நிலையாக இருப்பவர் காவற்காரர் மட்டுமே. எல்லாரும் கூடுவது கல்யாணத்துக்கும், முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்குந்தான். ஆகையால் பூட்டிய அறைக்குள் நடந்த களவு நடந்த நாளில் வெளிப்படாது. படைப்புக்கு வந்த பங்காளி தன் அறையைத் திறக்கும்போதுதான் தெரியவரும். குற்றத்துக்கும் அது வெளிப்படுவதற்கும் இடையில் ஆண்டுகள் ஓடிவிடும் என்பது துப்பறியும் கதைக்குப் பெரிய கொடை. தடயங்கள் அழிந்திருக்கும், ஆனால் அந்த இடைவெளியில் யார் யார் சாவி கேட்டு வாங்கினார்கள் என்பது காவற்காரருக்கு நினைவிருக்கும்.

இதன் தொடர்ச்சியாக வந்தது தூண் கதை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இடிக்கப்பட்ட வீடுகளின் நிலை, கதவு, தூண், மரப்பாச்சி, எனாமல் பாத்திரம் எல்லாம் விற்பனைக்கு உண்டு. எவ்வளவோ வீடுகள் அங்கே துண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கின்றன; பெரும்பாலும் முறையான விற்பனைதான். குமாஸ்தா எழுதிய கதையில் ஒரு பங்காளி மற்றவர்களுக்குத் தெரியாமல் இரண்டு தூண்களைப் பெயர்த்து வெளிநாட்டு வாங்குபவருக்குப் பேசி முடிக்கிறார். தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972, நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்துவரும் பொருளையே தொல்பொருள் என்கிறது. கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அதில் அடங்கும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. இப்போது வீடு கட்டிய ஆண்டு உயிர்நாடியாகிவிடுகிறது. 1920-இல் கட்டிய வீட்டின் தூண் தொல்பொருள். 1932-இல் கட்டியதன் தூண் இன்னும் தொல்பொருள் ஆகவில்லை. முகப்பில் சுதையால் எழுதியிருந்த ஆண்டு சுரண்டப்பட்டிருப்பதைக் கதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு, அதற்கான காரணத்தைக் கடைசி வரை மறைத்து வைக்கிறது. சட்ட நுணுக்கம் ஒன்று புதிராகவே மாறிய இடம் தொகுப்பில் இது ஒன்றுதான்.

வங்கி அலுவலர் ஒருவர் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். பர்மாவின் ரங்கூனில் மொகல் தெருவில் வட்டிக்கடை, அங்கே அதை நடத்தும் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஊரில் முதலாளி. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் மலையும் காடும் கடந்து நடந்து வந்தார்கள். கதையில் மேலாள் உயிரோடு ஊர் வந்து சேர்ந்து, கடையும் நகையும் பேரேடும் குண்டில் போயின என்கிறார். அதை மறுக்க யாருமில்லை. ஆனால் கடையிலிருந்து முன்பே ஊருக்கு வந்த ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) பெட்டகத்தில் இருக்கிறது. குண்டு விழுவதற்கு முன்னரே இருப்பு குறையத் தொடங்கியிருப்பதை, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆச்சி வரி வரியாகக் கண்டுபிடிக்கிறார். இவரைத்தான் தொகுப்பின் மிகச் சிறந்த துப்பறிவாளர் என்பேன். கொலையோ துரத்தலோ எதுவும் கிடையாது. எண்களைப் படித்துவிட்டு மேலாளை அழைத்து, மோர் கொடுத்து, உட்காரச் சொல்கிறார்.

இந்தக் கதையை ஒட்டிக் குழுவில் நடந்த விவாதத்தையும் குறிக்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் செட்டியார் கடைகளிடம் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். நெல் விலை சரிந்து கடன்கள் திரும்பாமல் போக, 1938-இல் அது 25 விழுக்காட்டை எட்டியது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் குற்றவாளி யார் என்று ஆய்வு மாணவி கேட்டார். கதை கடைக்குள் நடக்கும் களவைப் பற்றியது, இதை இழுத்து வந்தால் சிதறும் என்றார் எழுதியவர். இரண்டும் நியாயம். கடைசியில் ஐந்தொகையில் ‘நிலத்துக்கு வரவு’ என்ற ஒரு பத்தியை ஆச்சி தயங்கிப் பார்த்துவிட்டுக் கடப்பதாக இரண்டு வாக்கியம் சேர்க்க அவர் இசைந்தார். எனக்கு அது போதவில்லை. ஆயினும் எழுத்தாளரின் கதையில் தொகுப்பாசிரியர் அதற்குமேல் கை வைக்கக் கூடாது.

எல்லைக் கதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானம். அதற்குத் தனிக் காவல் துறையும் நீதிமன்றங்களும் இருந்தன. ராயவரம், கோனாப்பட்டு, ராமச்சந்திரபுரம் எல்லாம் அந்தப் பக்கம். காரைக்குடியும் பள்ளத்தூரும் பிரிட்டிஷ் ஆட்சியின் இராமநாதபுரம் மாவட்டம். கொடுக்கல் வாங்கலும் கல்யாண உறவும் இந்த எல்லையைப் பொருட்படுத்தாமல் நடந்தன. காவலர்களால் அப்படிக் கடக்க முடியாது. 1930-களில் நடக்கும் கதையில் குற்றவாளி மாட்டுவண்டியில் சில மைல் போனாலே வேறு ஆட்சிக்குள் போய்விடுகிறான் என்பது, இன்று வாகனத்தில் அரை மணியில் கடந்துவிடும் சாலைக்கு ஒரு பயங்கரத்தைத் தந்தது.

சந்தேகத்துக்கு உரியவர் யார்

முதல் வரைவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் சந்தேகம் வேலைக்காரர் மேல் விழுந்தது. பலவற்றில் குற்றவாளியும் அவரே. செட்டிநாடு என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு, அதில் வேலை செய்பவர் வெளியாள் என்ற அமைப்பை யோசிக்காமல் எடுத்துக்கொண்டதன் விளைவு அது. கொத்தனார், தச்சர், கல் பட்டறைத் தொழிலாளி, சமையல் மாஸ்டர், கண்டாங்கிச் சேலை நெய்பவர், ஊரணி காப்பவர் என்று இப்பகுதியை எழுப்பி நிறுத்தியவர்கள் எல்லாரும் கதைக்குள் சந்தேக நபராக மட்டுமே நுழைந்தால் அதை வட்டாரத் தொகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்காரர் குற்றவாளியாக இருக்கவே கூடாது என்று விதி போடவில்லை. அவர் குற்றவாளி என்றால் அவருக்கு ஒரு வீடும் கடனும் கோபமும் பெயரும் கதைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டோம். இதைக் கேட்டதும் மூன்று கதைகளில் குற்றவாளி தானாகவே மாறிப்போனார்.

விலாசமும் அவதூறும்

குழு அதிக நேரம் செலவிட்ட சிக்கல் இதுதான். பிற வட்டாரங்களில் இவ்வளவு கூர்மையாக எழாது என்று நினைக்கிறேன். இங்கே ஒரு வீட்டை அறிவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசத்தால். கதைக்கு ஒரு விலாசம் வேண்டுமென்று எழுத்தாளர் நான்கு எழுத்தைக் கோத்தால், எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் எங்கேனும் ஒரு வீட்டுக்கு அது உண்மை விலாசமாக இருந்துவிடும். ஊரின் பெயர், தெருவின் திசை, எந்தக் கோவில் பங்காளிகள், எந்த நாட்டில் தொழில் ஆகிய நான்கும் சேர்ந்தால் விலாசமே இல்லாமலும் வீடு தெரிந்துவிடும். நகரத்தார் பிரிந்திருக்கும் ஒன்பது நகரக் கோவில்களில் எதைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லாமல் கல்யாணச் சிக்கலை எழுதவும் முடியாது. ஒரே கோவிலின் ஒரே பிரிவுக்குள் பெண் கொடுப்பதில்லை என்பதைக் கவனிக்காமல் வந்த ஒரு காதல் கொலைக் கதையை முதல் வாசிப்பிலேயே வயதான உறுப்பினர்கள் மறித்துவிட்டார்கள்.

சட்ட நிலையைக் குமாஸ்தா எடுத்துவைத்தார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. இறந்துபோனவர் மேல் சுமத்தும் பழியும், அவர் உயிரோடிருந்தால் அவருக்குக் களங்கமாகக் கூடியதாகவும், அவருடைய குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் இருந்தால், அவதூறு ஆகலாம். தாத்தா காலத்துக் கதைதானே என்ற ஆறுதல் இதனால் போயிற்று. நாங்கள் வகுத்த நடைமுறை இது: கதைகளில் விலாசம் வராது, வீட்டைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘அரண்மனைக்கார வீடு’, ‘சைகோன் வீடு’ போன்ற பொதுப் பெயர்களையும் பல ஊர்களில் வழங்கக்கூடியவையா என்று பார்த்தே விடுவோம், உண்மையான வழக்கு ஒன்றிலிருந்து கதை பிறந்திருந்தால் ஊர், காலம், உறவுமுறை மூன்றும் மாற வேண்டும். மூன்றையும் மாற்றிய பிறகும் ஒரு கதையை இரண்டு உறுப்பினர்கள் இன்னார் வீடு என்று தனித்தனியாகச் சொன்னார்கள். எழுத்தில் அது சிறந்த கதைகளில் ஒன்று. எழுதியவரும் நாங்களும் உட்கார்ந்து பேசி, தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

காவல் நடைமுறை

ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் ஒருவர் கதைகளைப் படித்துத் தர இசைந்தார். அவர் திருத்தியவை பெரும்பாலும் சிறியவை. ஆனால் படிப்பவரின் நம்பிக்கையைக் காப்பவை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே 2025-இல் நடக்கும் கொலைக்கு முதல் தகவல் அறிக்கையில் 302 வராது, 103 வர வேண்டும்; அதற்கு முன்பு நடந்த கொலைக்கு 302-தான். சந்தேக மரணத்துக்கு ‘174 போட்டாச்சு’ என்று நிலையத்தில் பேசிய பேச்சு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 194 ஆகிவிட்டது. பழகிய வாய் பழைய எண்ணையே சொல்லும் என்பதால், ஒரு கதையில் மூத்த ஏட்டு 174 என்று சொல்வதையும் இளைய காவலர் திருத்துவதையும் அப்படியே விட்டோம். வேறொரு கதையில் 1970-இல் நடப்பதாக எழுதியிருந்த நிகழ்வில் ‘சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்’ வந்தார். அம்மாவட்டம் பிரிந்தது 1985-இல். சிலைக் கடத்தல் கதையிலும் இதே வகைத் திருத்தம் தேவைப்பட்டது; தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு ஏற்பட்டது 1983-இல்.

மொழியில் ஒரே முடிவுதான் எடுத்தோம். எடுத்துரைப்பு பொதுத் தமிழில். பேச்சு அவரவர் வீட்டுப் பேச்சில். அப்பச்சி, அப்பத்தா, ஆயா, ஐயா என்ற உறவுப் பெயர்கள் அந்தந்த வீட்டு வழக்கப்படி நிற்கும். அடிக்குறிப்பு வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டார்கள்.

அச்சும் உரிமையும்

பதிப்புரிமை ஒவ்வொரு கதைக்கும் எழுதியவரிடமே இருக்கும்; இத்தொகுப்பில் அச்சிடவும் மின்னூலாக வெளியிடவும் குழுவுக்கு அனுமதி தரும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்திட்டனர். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமை மாற்றத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். எங்கள் வாசகர்களில் கணிசமானோர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பதால் இரண்டையும் எழுதியே வைத்தோம். நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்று கேட்டவர்கள் முதலில் இருந்தார்கள். பங்காளிச் சண்டையைப் பற்றிப் பன்னிரண்டு கதை எழுதிய குழு அப்படிக் கேட்டது வேடிக்கைதான்.

டெமி அளவு, பதினாறு பக்க ஃபாரம் பதின்மூன்று, மொத்தம் 208 பக்கம். பக்கங்கள் ஃபாரத்துக்குள் அடங்க வேண்டுமென்பதால் முன்னுரையைச் சுருக்கினேன், கதைகளைத் தொடவில்லை. பழைய எழுத்துருக்களில் வந்த வரைவுகளை யூனிகோடுக்கு மாற்றியபோது ஒற்றுகளும் கொம்புகளும் இடம் பெயர்ந்தன. மெய்ப்புப் பார்ப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போனது. சர்வதேசத் தரப் புத்தக எண் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைப்பதால் அதில் செலவில்லை.

இரண்டாம் தொகுதிக்கான அழைப்பில் பெரிய வீட்டைக் களமாகக் கொண்ட கதைகளுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம்: நான்குக்கு மேல் ஏற்பதில்லை. கல்யாணச் சமையற்கூடம், செக்காலை, ஊரணி ஏலம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் அலுவலகம், படப்பிடிப்புக்கு வீடு வாடகைக்கு விடும் தொழில் ஆகியவற்றைச் சுற்றி எழுதுமாறு கேட்டிருக்கிறோம். விலக்கி வைத்த கதையை எழுதியவர் படப்பிடிப்பு வாடகையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.